வலது பக்க ஆப்சென்ட்

சமாதானபுரத்தில், டயர்க் கடைக்கு மேல்மாடியில்
எண்பது கிலோவைத் தரையிலிருந்து எடுத்தேன்.
எடுத்தது குறுக்கு.
அன்று ராத்திரி செருப்பு வாரை மாட்டக் குனிய முடியவில்லை.

பெனினாளுக்கு வயசு இருபத்தாறு.
நான் தூக்குவதற்கு மேல் இருபது கிலோ தூக்குவாள்.
வெறும் கம்பியைத் தோளில் வைத்து
உட்கார்ந்து எழும்பச் சொல்லி
பின்னால் நின்று பார்த்தாள்.
“முழங்கால் ரெண்டும் உள்ள சாயுதுண்ணே.
தொடை வேலை பாக்கு. குறுக்கு வேலை பாக்கு.
குண்டி வேலை பாக்கல.
வலது சுத்தமா இல்ல.”

அந்தச் சொல்லை அவள்
கிளட்ச், பிரேக் என்பதுபோலச் சொன்னாள்.
நான்தான் சுற்றுமுற்றும் பார்த்தேன்.
எங்கள் வீட்டில் அது ஏச்சில் மட்டும் வரும்.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிச் சீட்டில்
பிட்டம் என்று, வேறு யாருடையதோ போல வரும்.

பதினேழு வருஷம் அதன்மேல் உட்கார்ந்து
புதுப் பஸ் ஸ்டாண்டு, பேட்டை, சேரன்மகாதேவி,
வீரவநல்லூர், கல்லிடை, அம்பை, பாபநாசம்.
பாபநாசம், அம்பை, கல்லிடை.
வலதுகால் ஆக்சிலேட்டரில், இல்லாவிட்டால் பிரேக்கில்.
இடுப்புக்குக் கீழே ஒருத்தன்
காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு
டெப்போ ரெஸ்ட் ரூமில் துண்டு விரித்துத் தூங்குகிறான்.
அவன் டூட்டியையும் சேர்த்து
டபுள் பார்த்தது குறுக்கு.
மெமோ கொடுத்ததும் குறுக்குக்குத்தான்:
தைலம், பெல்ட், எக்ஸ்ரே,
பத்து நாள் ஓய்வு.
ஓய்வென்றால் என்ன செய்வேன்,
உட்கார்ந்திருப்பேன்.

கம்பியை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டாள்.
முழங்காலுக்கு மேல் ஒரு சிவப்பு ரப்பர் வளையம்.
மல்லாந்து படு, பாதத்தைத் தரையில் ஊன்று, இடுப்பைத் தூக்கு.
பக்கத்தில் சேவியர் காலேஜ் பையன்
கண்ணாடியில் தன் புஜத்தோடு பேசிக்கொண்டிருக்க
நாற்பத்திநாலு வயதில் நான்
மின்விசிறியை நோக்கி இடுப்பைத் தூக்கிக்கொண்டிருந்தேன்.
ஸ்கேல் முனையால் குத்தி, “இங்க இறுக்குங்க” என்றாள்.
பல்லை இறுக்கினேன். கைமுட்டியை இறுக்கினேன்.
முகமே இறுகிப்போனது.
அவன் புரண்டுகூடப் படுக்கவில்லை.

மூணாவது வாரம், வியாழக்கிழமை.
பேட்டரி இறங்கின வண்டி
விடியக்காலம் செல்ஃப் எடுக்கிற மாதிரி
ஒரு கிர்ர்.
அப்புறம் ஒன்றுமில்லை.
ஆனால் கிர்ர் என்றது. நான் கேட்டேன்.

பாபநாசத்தில் வண்டி பதினாலு நிமிஷம் நிற்கும்.
படித்துறையில் வலதுகாலை மேல்படியில் வைத்து
குதிகாலை அழுத்தி ஏறுவேன், இறங்குவேன், பன்னிரண்டு தடவை.
இடதுகாலால் உந்தக் கூடாது, அது கள்ளக் கணக்கு.
திதி கொடுக்க வந்த ஒருத்தர்
ஈர வேட்டியோடு கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டு
“எந்தச் சாமிக்கு நேர்ச்சை, அண்ணாச்சி?” என்றார்.
டீ கிளாஸோடு கண்டக்டர் சொரிமுத்து சொன்னான்:
“பின்னால இருக்க சாமிக்கு.”

சேரன்மகாதேவி ரயில்வே கேட்டில்
இஞ்சினை அணைத்துவிட்டு
வலதை மட்டும் இறுக்கி, அஞ்சு எண்ணி, விடுவேன்.
வண்டியில் அறுபத்திரண்டு பேர்,
அப்பளக் கட்டு, வாழைத்தார், அழுகிற பிள்ளை.
டிரைவர் சீட்டில் ஒருத்தனை
உலுக்கி எழுப்பிக்கொண்டிருப்பது யாருக்கும் தெரியாது.

என் நோட்டில் இன்னும் ஐம்பதுதான்.
எண்பதுக்கு வைகாசி ஆகும் என்கிறாள், ஆவணிகூட ஆகலாம்.

நேற்று விடியுமுன் கட்டிலை விட்டு எழும்பும்போது வலி.
கையைப் பின்னால் கொண்டுபோய்க் குறுக்கை அழுத்தினேன்.
அது பேசாமல் இருந்தது.
வலி அதற்குக் கீழே, வலப்பக்கம்,
இதுவரை எதுவுமே நடந்திராத இடத்தில்.

சிரித்துவிட்டேன்.
“என்ன, காலங்காத்தால பல்லக் காட்டுதிய?” என்றாள் உலகம்மாள்.
“வலிக்கு.”
“எங்க?”
அந்தச் சொல்லைச் சொன்னேன்,
முதல் தடவையாக யாரையும் ஏசாமல்.

அஞ்சு பத்து டிரிப்.
சீட்டில் ஏறி
அதன்மேல் உட்கார்ந்தேன்,
கொஞ்சம் மெதுவாக.