பி-2 தளத்தில் சங்கிலி

இரவு பத்துக்குள் வண்டிகளை எடுத்துவிடும்படி
லிஃப்டில் மூன்று வாரமாக ஒட்டியிருந்தார்கள்.
நூற்றுப் பன்னிரண்டு பேர் எடுத்தார்கள்.
ஒரு சாம்பல் நிற கொரோல்லா மட்டும் நின்றது.

ஹாமில்டன். பிப்ரவரி. மேலே மைனஸ் பதினெட்டு.
கீழே, மண்ணுக்குள் இரண்டு மாடி ஆழத்தில்,
வண்டி நின்ற இடந்தோறும்
சக்கரத்துக்கு ஒன்றாய்ச் சின்னச் சின்னக் குளங்கள்.
சாலையில் தூவிய உப்பு
சேற்றுப் பனியோடு இறங்கி வந்து உருகியது.
ஓரங்களில் வெள்ளை பூத்திருக்கிறது,
கழுவாத சட்டியில் காய்ந்த கஞ்சி மாதிரி.

என் கருவி ஒரு இரும்புக் கம்பு,
அதில் தொங்கும் நான்கு துண்டுச் சங்கிலி. அவ்வளவுதான்.
தரையில் இழுத்துக்கொண்டே நடக்க வேண்டும்,
கண்ணை விட்டுவிட்டுக் காதால்.
நல்ல கான்கிரீட் கணீரென்று பேசும்.
உள்கம்பி துருவேறி மேல்தோல் விட்டுப்போன இடத்தில்
குரல் சட்டென்று தாழும்,
பொய் சொல்லத் தொடங்குகிறவன் குரல் தாழ்வதுபோல.

துரு இரும்பைக் கரைத்துவிடும் என்று நினைக்கிறார்கள்.
கரைத்தால் பரவாயில்லையே.
துரு வீங்கும்.
தின்ற இரும்பைவிட மூன்று மடங்கு, ஐந்து மடங்கு
இடம் கேட்கும்.
இடம் இல்லை என்கிறது கான்கிரீட்.
அந்தத் தகராறு
முடிவதற்கு இருபது வருடம் ஆகும்.

எட்டு வருடம் முன்பே ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்:
தளத்துக்கு நீர்காப்புப் பூச்சு போடவும்.
கூட்டம் போட்டு, கை தூக்கி,
வரவேற்பறைக்குப் பளிங்கு போட்டார்கள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை.
கான்கிரீட்டுக்கு யாரும் சொல்லித் தரவில்லை,
நினைத்துக்கொண்டே இருக்கிறது.

தூண் பதினான்கு அருகே
மஞ்சள் கோடு போட்டுக்கொண்டே குனிந்து போனேன்.
கோடு கொரோல்லாவுக்கு அடியில் நுழைந்து நின்றது.

காவலாளி டெஸ்மண்ட் மேலே போய் அழைத்துவந்தான்
ஆயிரத்து நானூற்று ஆறாம் எண் வீட்டு க்வெசியை.
பைஜாமாவுக்கு மேல் கோட்டு. வெறுங்காலில் செருப்பு.
பாட்டரி செத்துவிட்டது என்றார்.
அக்டோபரில் வேலை போனது, பிறகு இன்ஷூரன்ஸ்;
குளிர்காலம் முழுக்க வண்டி
வெளியே போகவே இல்லை.

மூன்று பேரும் தள்ளினோம்.
டயர்கள் ஒட்டிக்கொண்டிருந்ததுபோல ஒரு சத்தம்.

அடியில் குளமே இல்லை. உப்புப் பூக்கவில்லை.
மொத்தத் தளத்திலும் காய்ந்த தரை அது ஒன்றுதான்.
சங்கிலியை இழுத்தேன்.
பொத்.
இன்னும் ஒரு அடி.
பொத்.

செப்புக்கம்பியை இறக்கி மீட்டரைப் பார்த்தேன்:
மைனஸ் நானூற்றுப் பத்து மில்லிவோல்ட்.
முந்நூற்று ஐம்பதைத் தாண்டினாலே
உள்ளே கம்பி அரிக்கிறது என்றுதான் கணக்கு.

எத்தனையோ குளிர்காலமாக
தளத்தின் சரிவு, ஊரார் உப்பையெல்லாம்
சத்தமில்லாமல் இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

க்வெசி மஞ்சள் வட்டத்தைப் பார்த்தார்.
"இதைச் சரிசெய்ய
என் பங்குக்கு எவ்வளவு வரும்?"

மில்லிவோல்ட் தெரியும். டாலர் தெரியாது.
அதைத்தான் சொன்னேன்.
அவர் தலையாட்டிவிட்டு
வண்டியின் கண்ணாடியைக் கோட்டுக் கையால் துடைத்தார்,
தேவையே இல்லாமல்.

ஆறு மணிக்கு மேலே வந்தேன்.
வாசலில் இரவெல்லாம் உறைந்த பனி.
டெஸ்மண்ட் நீல வாளியோடு நின்று
கை நிறைய அள்ளி
படிகளில் வீசிக்கொண்டிருந்தான்.
"பார்த்துப் போ" என்றான்.

கால் வைத்தேன்.
நறநறவென்றது.
வழுக்கவில்லை.