எண்பத்தாறு கிலோ

கடல், தண்டவாளம், பிறகு எங்கள் இல்லம்.
வெள்ளவத்தை. இரவு வேலைக்கு இரண்டு பேர்
என்று பலகையில் எழுதியிருக்கும்.
புளோறன்ஸ் நாரியைப் பிடித்தபடி
போன மாதம் போனவள்.
பெயரை இன்னும் அழிக்கவில்லை.

ஸ்டனிஸ்லாஸ் ஐயாவைக் கதிரைக்கு மாற்றக் குனிந்தேன்.
கையைத் தட்டிவிட்டார்.
"துறைமுகத்தில முப்பத்தொரு வருசம்
கிரேன் ஓட்டினனான். நான் எண்பத்தாறு கிலோ.
நீ எவ்வளவு?"
நாற்பத்தேழு என்றேன்.
"அப்ப தொடாதை."

ஸ்டோர் அறையில் ஆள்தூக்கி ஒன்று நிற்கிறது,
கனடாவிலிருந்து யாரோ அனுப்பியது,
பிளாஸ்டிக் உறையும் கழற்றாமல்.
சாவி மேட்ரனிடம்.
எடுத்தால் பழுதாகிவிடுமாம்.

ஐயா மணியை அழுத்தினார்.
விரலை எடுக்கவேயில்லை.
நைட்டியோடும் கோபத்தோடும்
கடைசியில் சாவியோடும் வந்தார் மேட்ரன்.

"வாரை இழுத்துப் பார். இன்னொருக்கா."
கீழே நிற்பவன் கிரேன்காரனுக்குக் காட்டும் சைகையை
அவரே எனக்குக் காட்டினார்:
மெல்ல, மெல்ல, நிப்பாட்டு.
பட்டன் ஒன்றுதான் என் கையில்.

அந்தரத்தில் கொஞ்சம் ஆடினார்,
சாரம் விலகியது, சிரித்தார்.
ஜன்னல் அதிர முதல் கோச்சி வந்தது.
அது போகும்வரை
நான் நிமிர்ந்தே நின்றேன்.