பதினேழாம் கேள்வி

"கடந்த இருபத்தெட்டு நாட்களில்
கொழுத்துவிடுவேன் என்று அஞ்சியவை எத்தனை?"
மல்லாவிப் பள்ளிக்கூடம், ஆய்வுகூடம், அமில மணம்.
பத்தாம் வகுப்பு முழுக்கப் பூச்சியம்.
ஒருத்தி மட்டும் கேட்டாள்:
"வாய்க்கொழுப்போ, மிஸ்?"

"வேண்டுமென்றே உணவைத் தவிர்த்ததுண்டா?"
"வெள்ளி, சட்டி, கௌரிக்காப்பு...
விரதத்தையும் எழுதவோ?"
பேனை மூடியைக் கடித்தேன்.
கொழும்பில் இருமுறை திருத்திய மொழிபெயர்ப்பு.
பிழையில்லாத தமிழ்,
ஒருத்தரும் பேசாதது.

கம்சிகா கடைசியாய் வந்தாள்.
அவளுக்கும் பூச்சியம்தான்.
மணிக்கூட்டுப் பட்டியில்
ஊசி காய்ச்சிக் குத்திய புதுத்துளை மூன்று.

தாளில் இல்லாததைக் கேட்டேன்:
"சாமத்திய வீட்டுக்குத் தைச்ச சட்டை
இப்பவும் அளவோ?"

"தொளதொளக்குது, மிஸ்."
பரிசளிப்பில் பேர் கூப்பிட்ட முகம்.
"ராவில போட்டுப் பாக்கிறனான்.
விரதமெண்டா அம்மா ஒண்டும் சொல்லமாட்டா."

பதினேழாம் கேள்வியை வெட்டினேன்.
ஓரத்தில் எழுதினேன்: சட்டை.
அதற்கு எத்தனை புள்ளி போடுவது?
புள்ளி போட்டால் யாரிடம் அனுப்புவது?
வவுனியாவுக்கு பஸ் காலையில் ஒன்று.

இடைவேளை மணி.
யாரோ அவித்த கடலை நீட்டினார்கள்.
எண்ணி எடுத்தாள், ஆறு.
மற்றப் பிள்ளைகள் அள்ளிக்கொண்டு ஓட
நானும் எண்ணிக்கொண்டிருந்தேன்:
நாலு தின்றாள்.
இரண்டு
சட்டைப்பைக்குள்.