முறை

மூன்று காற்றாலைக்கு ஒருத்தி முன்னால்.
பணகுடிக்கு மேற்கே, ஆனி பிறந்துவிட்டால்
எங்கள் சட்டம் அது.
கணவாய் வழியாக இறங்கும் காற்று
நெஞ்சில் கைவைத்துத் தள்ளும்.
முன்னால் ஓடுகிறவள் அதை வாங்கிக்கொள்ள வேண்டும்.
பின்னால் வருகிறவள்
ஒரு முழம் விட்டு அவள் முதுகில் ஒளிந்துகொள்ளலாம்.
மூன்றாவது தூண் தாண்டியதும்
பின்னாலிருந்து ஒரு சொல்:
“ஏட்டி.”
முன்னவள் வலப்பக்கம் ஒதுங்குவாள்.
மற்றவள் இடப்பக்கம் புகுந்து
தலையைக் குனிந்து காற்றுக்குள் கொடுப்பாள்.

சுடலைவடிவும் நானும் ஆயிரத்தைந்நூறு மீட்டர்.
நானூறில் தோற்று இங்கே வந்தவர்கள்.
வேகம் போதாதவளுக்குத் தூரம்,
தூரம் போதாதவளுக்கு
என்ன என்று இன்னும் பார்க்கவில்லை.

மார்கழி இருட்டில் காவல்கிணறு வரை போய்த் திரும்பினோம்.
லாரிக்காரர்கள் விளக்கைத் தணித்துப் போவார்கள், சிலர் மாட்டார்கள்.
மாசியில் திசையன்விளைத் தேரி.
முழங்கால்வரை செம்மண்ணோடு பஸ் ஏறினால்
“யாரை வெட்டிட்டு வாறீக” என்பார் கண்டக்டர்.
சித்திரையில் பாளையங்கோட்டை மைதானம்,
அறுநூறு மீட்டர் ஆறு முறை.
நேரத்தைப் பேனாவால் முன்னங்கையில் எழுதுவேன்.
ஐந்தாவது முடிந்ததும் வடிவு வாந்தி எடுத்தாள்.
வாயைத் துடைத்துக்கொண்டு
ஆறாவதை என்னைவிட ஒரு நொடி குறைத்து ஓடினாள்.
அதை நான் எழுதவில்லை.

ஈரோடு. கொச்சி. மறுபடியும் ஈரோடு.
முன்பதிவில்லாப் பெட்டியில்
கக்கூஸ் கதவுக்குப் பக்கத்தில் படுத்து
காலைச் சுவரில் தூக்கிவைத்து,
ஜவுளிக்கடைப் பையில் ஆணிச் செருப்பு,
அவித்த முட்டை நாலு.
ஜெராக்ஸ் கடை முதலாளியிடம்
ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு சாவு சொன்னேன்.
ஆடிக்குள் பெரியப்பாக்கள் தீர்ந்துபோனார்கள்.

ஆவணியில் திருச்சி, மாநிலப் போட்டி.
கொடிகள் கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தன.
காற்றே இல்லை.
காற்றில்லாத இடத்தில் உடம்பு எவ்வளவு லேசு!
எழுநூறில் முன்னால் போனேன், யாரும் தடுக்கவில்லை.
ரப்பர் தரையில் என் காலடி,
அதற்கு அரைத்தாளம் பிந்தி இன்னொன்று.
அந்தச் சத்தம் எனக்கு எட்டு மாதப் பழக்கம்.
திரும்பிப் பார்க்கத் தேவையில்லை.

கடைசிச் சுற்று மணி.
மணிக்குள்ளிருந்து யாரோ
ஏட்டி என்றார்கள்.

ஒதுங்கினேன்.
இறுதிப்போட்டியில், முதல் பாதையை விட்டு,
நல்ல பிள்ளையாக வலப்பக்கம்.
உள்வழியாக அவள் போனாள்.
திறந்த கதவைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் போனார்கள்,
சேலத்துக்காரி, பெயர் தெரியாத நீலச் சட்டை.
மிச்சம் நானூறு மீட்டரும்
என் முறை எப்போது வரும் என்றே ஓடினேன்.
நாலாவது.
வடிவு முதலாவது.

வண்டி சாத்தூர் தாண்டும்வரை பேசவில்லை.
பிறகு அவள்தான்,
“எதுக்குட்டி ஒதுங்குன?”
“நீதான கூப்பிட்ட.”
“நா வாயே தொறக்கல.”
பதக்கத்தை முட்டைப் பைக்குள் போட்டாள்.
எனக்கும் பிறகு கேட்கவில்லை, சொன்னாளா இல்லையா என்று.
வள்ளியூரில் இறங்கியபோது
சாரல் விழுந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை அதே சாலை, அதே மேற்கு.
அவள் முன்னால் போனாள், நான் கேட்காமலே.
நூற்றுப்பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது.
தூண்களில் எழுதிய எண்கள் நகர்ந்தன.
என் முறை வந்தது.
நான் வாயைத் திறக்கவில்லை.
நாலாவது தூண். ஐந்தாவது.
அவள் தோள் இடப்பக்கம் சாயத் தொடங்கியது,
சடை காற்றில் பறந்து என் முகத்தில் அடித்தது.
ஒதுங்கவுமில்லை அவள், திரும்பவுமில்லை.

ஏழாவதில்தான் சொன்னேன்.