பாதை மூடப்பட்டுள்லது

பலகையில் எழுத்துப் பிழை.
‘ள’ வர வேண்டிய இடத்தில் ‘ல’.
கொழும்பில் அச்சாகி வந்ததாம்.
சிங்களம் சரி, இங்கிலீசு சரி,
தமிழ் மட்டும் ஒரு காலை மடக்கி நிற்கிறது.

கிரான் பாலத்துக்கு இப்பால்
நாலு தார்ப் பீப்பா, ஒரு மூங்கில்,
மூங்கிலில் சிவப்புச் சீலைத் துண்டு,
மறுகா நான்.
நாள் சம்பளம்.
மழைக்கோட்டு முதுகில் திணைக்களத்தின் பேர்,
கழுத்துப் பட்டியில்
எனக்கு முதல் போட்டவனின் வேர்வை.

தண்ணீர் இரவு இரண்டேகாலுக்கு ஏறியது.
சத்தமே இல்லை.
முதலில் நடுக்கோடு போனது.
மறுகா குழிகள் போயின,
கார்த்திகையில் கிறவல் கொட்டி நிரப்பியவை,
என் மண்வெட்டிதான்.
கடைசியாக
நாற்பது கிலோமீற்றர் என்ற வட்டத் தட்டின் கால்.
தட்டு மட்டும் வெள்ளத்தின் மேல் நிற்கிறது.
ஆறு நாற்பதுக்குள் ஓடுகிறதா என்று
பொலிஸ் மறிக்கவில்லை.

அரை மணிக்கு ஒருக்கா
அளவுக் கம்பத்துக்கு டோர்ச் அடித்து
போனில் சொல்ல வேண்டும்.
இரண்டடி நாலங்குலம், சேர்.
இரண்டடி ஏழு.
‘மூடி வை’ என்பார் தெய்வநாயகம் சேர்.
எதை என்று கேட்க வாய் வரும்,
விழுங்கிவிடுவேன்.

விடியத் தயிர்ச் சட்டிகளோடு வந்தவர்
பலகையை வாசிக்கவில்லை,
என் முகத்தை வாசித்தார்,
சைக்கிளைக் கிறுக்கிப் போனார்.
வேன்காரன் இறங்கி நின்று மூத்திரம் பெய்தான்,
‘எப்ப திறக்கும்?’
மழையிடம் கேள் என்று சொல்லலாம்.
சொன்னால் முறைப்பாடு எழுதுவான்.

ஏழு மணி இருக்கும்.
புலிபாய்ந்தகல் பக்கமிருந்து
உதுமாலெப்பையின் மெசின்.
பெட்டியில் வெள்ளைச் சட்டைகள், ஒன்பது.
எட்டரைக்குக் கணக்குச் சோதனை.
புலி ஒரு பாய்ச்சலில் தாண்டிய ஊரிலிருந்து
பிள்ளைகள் அங்குலம் அங்குலமாக வருகிறார்கள்.

நடுவில் நின்றுவிட்டது.
ஹோன் அடிக்கிறார், விடாமல்.
எனக்கு விளங்கியது:
எது ரோட்டு, எது வட்டை என்று
அவருக்குத் தெரியவில்லை.
இரண்டும் ஒரே நிறம். இரண்டிலும் வானம்.
இடப்பக்கம் மதகு உடைந்த இடம்,
அந்த எச்சரிக்கைப் பலகை
இந்நேரம் வாழைச்சேனைக் கடலில் மிதக்கும்.

மூங்கிலை உருவினேன்.
பீப்பாக்கள் தங்களைத் தாங்களே காவல் காத்தன.

அந்த ரோட்டை எனக்குத் தெரியும்.
கண்ணுக்கு அல்ல, உள்ளங்காலுக்கு.
இது ஆழக்குழி, இரண்டு லோட் விழுங்கியது.
இது தார் கிளம்பிய இடம்.
இதில் வலக்கைப் பக்கம், இன்னும் வலக்கை,
இடுப்புக்கு வந்தது தண்ணீர்,
ஒரு பாம்பு தன் வேலையாய்ப் போனது.
முன்னால் மூங்கிலைக் குத்திக் குத்தி நான்,
பின்னால் புகை கக்கிக்கொண்டு மெசின்.
சட்டைப் பைக்குள், பொலித்தீனுக்குள்,
போன் அடித்தது.
‘ரோட்டு மூடித்தானே இருக்கு?’
மூடித்தான் இருக்கு, சேர்.
‘என்ன சத்தம் அது?’
தண்ணி, சேர்.

கரையில் இறங்கினார்கள்.
அனுமதி அட்டையைப் பல்லில் கடித்திருந்த பெண்,
கிதுர்சனா என்று கூட வந்தவள் கூப்பிட்டாள்,
பாவாடையைப் பிழிந்தபடி பலகையைப் பார்த்தாள்.
‘அண்ணே, இதுக்கு ஒரு மார்க் குறையும்.’
சிரிக்கவில்லை. ஓடினாள்.

உதுமாலெப்பை பீடி பற்ற மூன்று குச்சி செலவழித்தார்.
‘காசு வாங்கல்ல தம்பி. எழுதிப்போடாத.’
எழுத என்னிடம் எதுவும் இல்லை.
செருப்பில் ஒன்று மதகோடு போய்விட்டது.

மூங்கிலைப் பழையபடி வைத்தேன்.
கம்பத்துக்குப் போனேன்.
இரண்டடி பதினொன்று, சேர்.
‘பாதை?’

பலகையில் உள்ளபடியே சொன்னேன்,
ஒரு எழுத்தும் மாற்றாமல்.