யானை விழுந்த பிறகு

நாற்பத்தேழு மாசி. கிளிநொச்சிக் குடியேற்றத்தில்
நுளம்பு மருந்து அடிக்கிற வேலை எனக்கு.
முதுகில் தகரப் பீப்பா, கையில் குழாய்,
காதிடுக்கில் சோக்குத் துண்டு,
அடித்த வீட்டுக் கதவில் திகதி எழுத.

வாய்க்கால் முடிகிற இடத்தில் இரண்டு வீடு.
பஸ்தியாம்பிள்ளை வீடு. ஆழ்வாப்பிள்ளை வீடு.
நடுவில் இரண்டு வேலி.
ஒன்று போதாதா என்று நான் கேட்கவில்லை.

"முதலில் அங்கை அடி, தம்பி,
நுளம்பு அங்கையிருந்துதான் வருகுது."
மற்றவரும் அதையே சொன்னார்
கையை மட்டும் எதிர்ப்பக்கம் நீட்டி.

யுத்தகாலத்தில் இவர்களுக்கு ஒரே துவக்கு.
உரிமம் பஸ்தியாம்பிள்ளை பெயரில்,
தோட்டா இருவர் காசில்.
பாலை மரத்துப் பரணில் மாறி மாறி விழித்தார்கள்.
தனியன் யானை ஒன்று
மூன்று போகம் தின்றது.
ஆழ்வாப்பிள்ளையின் மூத்தவனை
வரம்போடு வரம்பாக மிதித்தது.

அது விழுந்த விடியலில்
இருவரும் அதன் வயிற்றில் சாய்ந்து
கட்டிப்பிடித்து அழுதார்களாம்.
அந்தச் சித்திரையில்தான்
எல்ப என்றொரு ஆற்றங்கரையில்
அமெரிக்கச் சிப்பாயும் ருஷ்யச் சிப்பாயும்
கைகொடுத்த படம் பேப்பரில் வந்தது.
சங்கக்கடை மனேச்சர் வெட்டி ஒட்டினார்
சீனி மூட்டைக்கு மேலே.

பிறகு என்ன நடந்தது?
சுட்டது யார் என்ற கதையில் தொடங்கினது என்பார் மனேச்சர்.
எனக்கு அப்படித் தெரியவில்லை.
"செத்தது என்ரை பிள்ளை.
யானை வந்த வழி முழுக்க இனி என்ரை காவல்"
என்று ஆழ்வாப்பிள்ளை காட்டோரம் நெடுக முள் நட்டார்,
அடுத்தவன் காணி என்றும் பாராமல்.
"வழி ஊருக்குப் பொது" என்றார் பஸ்தியாம்பிள்ளை.
சொல்லிக்கொண்டே துவக்கைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.
திறப்பு இடுப்பில், செபமாலையோடு.

அந்தப் பூட்டுச் சத்தம் கேட்ட இரவிலிருந்து
ஆழ்வாப்பிள்ளை நித்திரை கொள்ளவில்லை.
முறிகண்டிக் கொல்லனிடம்
இரகசியமாய் ஒரு குழல் வார்க்கக் கொடுத்திருக்கிறாராம்.
ஊருக்கே தெரிந்த இரகசியம்.

போன வருசம் காணி அதிகாரியின் றேடியோவில்
யாரோ ஒரு துரை
ஐரோப்பாவுக்குக் குறுக்கே இரும்புத்திரை என்றாராம்.
எங்களிடம் அவ்வளவு இரும்பு ஏது?
கிளுவைக் கதியால், கருக்குமட்டை,
மிஞ்சினால் பட்டாளம் விட்டுப்போன முள்ளுக்கம்பி.
மனேச்சர் அந்தப் படத்தைக் கிழித்துவிட்டார்.
சுவரில் பசை மட்டும். பசையில் எறும்பு.

இரண்டு வேலிக்கும் இடையில்
நாகமுத்தன் குடில். கூலிக்காரன்.
ஒருவர் அவனுக்கு ஒரு மூட்டை நெல் கொடுத்தார்,
மற்றவர் சினை ஆடு கொடுத்தார்.
இருவரும் கேட்டது ஒன்றுதான்:
"அந்த வீட்டிலை விளக்கு எத்தனை மணிக்கு நூருது?"
நெல்லை அவித்தான். ஆடு இரண்டு குட்டி போட்டது.
விளக்குத்தான் எங்கும் நூரவில்லை.

"ஆர் பக்கம் நீ?" என்று நானும் கேட்டுப்பார்த்தேன்.
"காய்ச்சல் வந்தால் எந்தப் பக்கம் படுத்தாலும்
குளிருதய்யா" என்றான்.

ஒரே நேரத்தில் இரண்டு வீட்டுக்கும் அடிக்க
என்னிடம் ஒரு குழாய்தான்.
காசு சுண்டினேன். யார் வென்றது என்று சொல்லமாட்டேன்,
தோற்றவர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

பதிவேட்டில் நாகமுத்தன் குடிலுக்கு இலக்கம் இல்லை.
கதவும் இல்லை, திகதி எழுத.
பீப்பாவின் அடியில் கொஞ்சம் மிச்சம் கிடந்தது.
அடித்தேன்.
ஆடு தும்மியது.