ஏனையவை

ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு
நேர்காண வந்த பிள்ளை கேட்டாள்:
"பொதுவேலைக்கு எப்பிடி வந்தீங்க, அன்ரி?"
இலட்சியம் ஏதும் சொல்லியிருக்கலாம்.
உண்மையில்
இரவல் கொடுத்த பேனையைத் தேடிப் போனேன்.

திருகோணமலைக் கச்சேரி, புயல் நிவாரண வரிசை.
வேலியோரம் ஒரு புள்ளிமான்
யாரோ எறிந்த சோற்றுப் பார்சலை
நக்கிக்கொண்டு நின்றது.
முன்னால் நின்றவ கேட்டா, கொடுத்தேன்.
அவவிடமிருந்து ஜெஸீமாவுக்கு,
ஜெஸீமாவிடமிருந்து கிண்ணியா பஸ்ஸில் வந்த மூவருக்கு.
என் பேனை என்னை முந்திக்கொண்டு
வரிசையில் போனது.
பிடிக்கப் போனால்
பேனையோடு படிவத்தையும் நீட்டினார்கள்:
"உங்களுக்கு எழுத வரும்தானே?"

அன்று பதினேழு படிவம்.
என்னுடையது பதினெட்டாவது.
அதற்குள் கவுண்டரை மூடிவிட்டார்கள்.

'தொழில்' என்றொரு கட்டம்.
"மட்டி எடுக்கிறன்" என்றா ஜெஸீமா.
இடுப்பளவு தண்ணீரில்
காலால் சேற்றைத் துழாவி,
தட்டுப்பட்டால் குனிந்து,
மூச்சை அடக்கி, ஒரு கை அள்ளி.
அதை நான் எழுதினேன்.
கிளாக்கர் சிரித்தார்:
"மட்டி எண்டா மடையன் எண்டும் சொல்லுவாங்க.
மீன்பிடி எண்டா வள்ளம் வேணும், வலை வேணும்.
என்ஜின் நம்பர் எங்க?"

ஜெஸீமா செருப்பைக் கழற்றி
உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினா.
ஓடு கிழித்த தழும்புகள்,
குறுக்கும் மறுக்கும்.
"எண்ணிப் பாருங்கோ. இதான் நம்பர்."

அவர் எண்ணவில்லை.
என் எழுத்தை வெட்டிவிட்டு எழுதினார்:
ஏனையவை.

இவர் சீனன்குடா மா ஆலைக்கு
இரவு வேலைக்குப் போன நேரம்,
ஒற்றைக் குமிழ் வெளிச்சத்தில்
அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.
அரிசி, பருப்பு, ஏனையவை.
மேசை, கதிரை, ஏனையவை.
நாற்பத்தியொரு பெண்கள்.

பிறகு நடந்தது கதையில்லை, கடிதம்.
முப்பத்தெட்டுக் கடிதம்.
நான்கு அதிகாரிகள் மாற்றலாகிப் போனார்கள்.
ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து
மட்டி என்றால் என்னவென்று விளக்கினோம்.
ஒருத்தி மட்டும், சுமித்ரா மிஸ், சொன்னா:
"சிங்களத்திலயும் மட்டிதான்."
அன்றைக்கு உள்துறைமுக வீதியால் நடந்தபோது
பஸ் பிடிக்க மறந்துபோனோம்.

நல்லதாக மட்டும் போடாதே, பிள்ளை, இதையும் எழுது:
ஒரு தரம் பயந்து
கடிதத்தில் என் பெயரை விட்டுவிட்டு
ஜெஸீமாவின் பெயரை முதலில் போட்டேன்.
விசாரிக்க வந்தவர்கள் அவவின் வீட்டுக்குப் போனார்கள்.
அவ ஒன்றும் சொல்லவில்லை.
தேத்தண்ணி கொடுத்து அனுப்பியிருக்கிறா.
நான் இன்னும் அதற்கு
மன்னிப்புக் கேட்டு முடியவில்லை.

நகரசபைத் தேர்தலில் நின்றதும் உண்மை.
இருநூற்றுப் பதினொரு வாக்கு.
என் தெருவிலேயே தோற்றேன்.
விடிய எழும்பிக் கதவைத் திறந்தால்
எனக்கு வாக்குப் போடாத மரியதாசன்
பிறப்புச் சான்றிதழ்ப் படிவத்தோடு
கேற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.
"அக்கா, எழுபத்தேழில பிறந்தவன்,
பதிவு எரிஞ்சு போச்சு..."
கோபம் வந்தது. வந்தது என்றுதான் எழுது.
பிறகு உள்ளே வரச் சொன்னேன்.

ஏழாம் வருசம் புதிய படிவம் வந்தது.
அதிலும் மட்டி இல்லை.
'களப்புசார் சிறுதொழில் (பெண்கள்)' என்றிருந்தது.
ஜெஸீமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
நெடுநேரம் பார்த்தா.
"ஏனையவைக்கு இது பரவாயில்ல" என்றா.
பிறகு அதன் மேல்
தன் கையாலேயே எழுதினா,
எழுத்து இரண்டு பக்கமும் சாய:
மட்டி.
வாங்கின ஆள் சத்தமில்லாமல் முத்திரை குத்தினார்.

சரி பிள்ளை, மெஷினை நிப்பாட்டு.
கேற்றடியில் ஆரோ கூப்பிடுற சத்தம்.
போகும்போது
என்னட்ட வாங்கின பேனையை
மேசையில வைச்சிட்டுப் போ.